போஸ்ட்மேன் இல்ல, டெய்லர்

என் வீட்டுக்காரிக்கு,

இதை உன் காபி டம்ளருக்கு அடியில் வைக்கிறேன். தோன்றும்போது படி.

மாத்திரையில், உன் காதில் மட்டும் கேட்ட அந்தக் குரல்கள் போய்விட்டன. கூடவே நீயும் போய்விட்டாய் என்று நினைத்தேன். ஜன்னலோரம் வெயில் உன் மடியில் ஏறி இறங்கும், நீ நகரமாட்டாய். நீ தண்ணீருக்கு அடியில் இருப்பது போலவும், நான் கரையில் நின்று கத்துவது போலவும் இருக்கும். சோம்பேறி என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

“சோம்பல் இல்லைங்க, அதுவும் வியாதிதான்” என்றார் டாக்டர். “முகத்துல தெரியலன்னா மனசுல இல்லன்னு ஆயிடாது. சின்னச் சின்ன வேலையா சேர்ந்து செய்யுங்க. பேசிட்டே இருங்க.”

அதனால்தான் தினமும் நாம் வெங்காயம் உரிக்கும்போது சலூன் கதைகளை உன்னிடம் கொட்டினேன். சுவரோடு பேசுவது போலத்தான் இருந்தது.

நேற்று பழைய கதை ஒன்றை மறுபடி எடுத்தேன். சவரத்தின் நடுவே தூங்கிப்போன போஸ்ட்மேன், திடுக்கிட்டு விழித்து, பஸ்ஸில் இருப்பதாக நினைத்து, கத்தியோடு நின்ற என்னிடமே “ஒரு டிக்கெட் குடுங்க” என்று கேட்ட கதை.

நீ தலை நிமிராமல் சொன்னாய்: “போஸ்ட்மேன் இல்ல. டெய்லர்.”

டெய்லர்தான். அந்தக் கதையை உனக்கு முதலில் சொல்லி நான்கு மாதம் ஆகிறது. அன்று உன் இமைகூட அசையவில்லை.

வெங்காயத் தோல் ஒன்று காற்றில் எழுந்து, மெல்ல இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தன் வீட்டுக்கே அழைத்துப்போக வருவதாக இருந்த உன் அண்ணனை வரவேண்டாமென்று சொல்லிவிட்டேன். கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியைப் பிரித்து, உன் துணிகளைப் பழையபடி அலமாரியில் அடுக்கிவிட்டேன். அதை யார் கட்டி வைத்தது என்று மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
நாளெல்லாம் முகங்களோடு பிழைத்தும், உன் முகத்தைப் படிக்கத் தெரியாதவன்