விண்ணப்பத்தில் அம்மா

மார்ச் 4

செல்ல டாக்டரம்மாவுக்கு,

நான் சுகம். என் முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. எலும்புக்கூட்டைப் பார்த்துப் படிக்கத்தான் போகிறாய், நீயே எலும்புக்கூடாக வேண்டாம்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் புது மிஷின் வந்திருக்கிறது. அறுபது படுக்கை விரிப்பை ஒரே வாயில் விழுங்குகிறது. டாக்டர் கோட்டுகளை மட்டும் இன்னும் நான்தான் பையைத் துழாவிப் போடுகிறேன். நேற்று சர்க்கரை டாக்டர் பையில் பாதி கிரீம் பிஸ்கட். நோயாளிகளை மட்டும் என்ன திட்டுத் திட்டுகிறார் தெரியுமா.

தூரத்துக் கல்லூரியா, பக்கத்து நாட்டுக் கல்லூரியா, இந்த வருடமா, அடுத்த வருடமா என்று என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டது. பக்கத்து நாட்டில் முதல் வருடம் முழுக்க அவர்கள் பாஷை படிக்க வேண்டும் என்று அலுத்துக்கொள்கிறாய். உன் வாய்க்கு எந்தப் பாஷையும் தாங்காது, அவர்களைத்தான் நினைத்துப் பாவமாக இருக்கிறது.

சொல்ல மறந்தே போனேன். வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டி உன் பேருக்கு ஒரு உறை வந்து மூன்று வாரம் ஆகிறது. அலமாரியில் துணிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. பத்தாம் வகுப்பில் உன் சிநேகிதி கடிதத்தை நான் பிரித்தேன் என்று இரண்டு நாள் பட்டினி கிடந்தாயே, அன்றிலிருந்து உன் பேருக்கு வந்ததை நான் பிரிப்பதில்லை. நீ லீவுக்கு வரும்போது ஒட்டிய பசை விடாமல் தருகிறேன்.

உன் அம்மா

மார்ச் 9

அம்மா,

மூன்று வாரமா? அது தூரத்துக் கல்லூரியின் பதில். அவர்கள் என்னைத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்து, அடுத்த வருடத்துக்கு எங்கே விண்ணப்பிக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். இடம் கிடைத்திருந்தால் நான் சம்மதம் அனுப்பக் கடைசித் தேதி போட்டிருப்பார்கள். உடனே பிரி. கம்பவுண்டர் மாமாவிடம் கொடுத்துத் தேதியைப் படிக்கச் சொல். கோபமில்லை. இல்லை, கோபம்தான்.

உன் மகள்

மார்ச் 10

அம்மா,

நேற்றைய கடிதத்தை மறந்துவிடு. உறையைப் பிரிக்காதே. கம்பவுண்டர் மாமாவிடம் காட்டவே காட்டாதே. அப்படியே பதிவுத் தபாலில் அனுப்பு. காரணத்தை நேரில் சொல்கிறேன்.

உன் மகள்

மார்ச் 14

மகளுக்கு,

உன் முதல் கடிதம் முந்தாநாள் வந்தது. இரண்டாவது நேற்று வந்தது. நடுவில் கிடைத்த ஒரு நாளில் நான் செத்துப்போனேன்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் வரிசை நின்றது. கம்பவுண்டர் எல்லாரையும் நிறுத்திவிட்டுப் படித்தார். "இடம் கிடைச்சிருச்சுக்கா, ஃபீஸே கிடையாதாம்" என்றார். எனக்குக் காலே தரையில் இல்லை. அப்புறம் அவர் முகம் மாறியது.

"நல்ல சேதிதானே, ஏன் பேதி மாத்திரை முழுங்கின மாதிரி நிக்கிறீங்க?"

"இது அப்பா அம்மா ரெண்டு பேருமே இல்லாத பிள்ளைங்களுக்கான இடம்க்கா. பெற்றோரை இழந்த உங்களுக்கு எங்கள் அனுதாபம்னு போட்டிருக்கான்."

"அவங்க அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு, சரி. நான்?"

"நீங்களும் போன வருஷம் தவறிட்டீங்க. சான்றிதழ் பார்த்தாங்களாம்."

எனக்குப் பின்னால் நின்றவர், "யாருங்க தவறினது?" என்று விசாரித்தார். "நான்தாங்க" என்றேன். ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

திரும்பிப் போய் வேலை செய்தேன். எத்தனை விரிப்பு மடித்தேன், தெரியாது. இஸ்திரிப் பெட்டியில் விரலை வைத்துப் பார்த்தேன். சுட்டது. சரி, இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன்.

எனக்குச் சான்றிதழ் கொடுத்த புண்ணியவான் யார்? என்ன வியாதியில் போனேன்? அதையாவது சொல்லிவை, யாராவது கேட்டால் நான் முழிக்கக் கூடாது பார். சிரிக்க வைக்கத்தான் எழுதுகிறேன். எனக்கே சிரிப்பு வரவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கண்ணை மூடிப் படுத்துக் காட்டியிருப்பேனோ என்னவோ. கேட்காமலே முடித்துவிட்டாயே.

கடைசித் தேதி இந்த மாதம் முப்பத்தொன்று. உறையை இதோடு அனுப்புகிறேன். உன் பேருக்கு வந்தது, உன்னுடையது. ஆனால் எங்கே, எப்போது என்று கேட்டாய் அல்லவா, இப்போது எனக்குப் பதில் தெரியும். அடுத்த வருடம், பக்கத்து நாடு. விண்ணப்பத்தில் அம்மா இருக்கிறாள் என்று எழுது. ஒரு வருடம் போனால் போகட்டும், நான் இரண்டு ஷிப்டு பார்க்கிறேன்.

என்ன செய்யப்போகிறாய் என்று ஒரு வரி போடு.

இன்னும் உயிரோடு இருக்கும்
உன் அம்மா

அக்டோபர் 6

அன்புள்ள சித்திக்கு,

நான் இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் விடுதிப் பொறுப்பாளர் நம் பாஷை தெரிந்தவர். வருகிற, போகிற கடிதங்களை அவர் படித்த பிறகுதான் விடுவார். நல்லவர். அம்மா இல்லாத பிள்ளை என்று எனக்கு மட்டும் ஒரு கம்பளி கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்.

நேற்று முதல் தடவையாகப் பிணத்தைத் தொட்டுப் படித்தோம். ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயது இருக்கும். எல்லாரும் முகத்தைப் பார்க்கப் பயந்தார்கள். என்னால் அவருடைய கையைத்தான் பார்க்க முடியவில்லை. வெளியே ஓடிவந்துவிட்டேன். ஆசிரியர் பின்னாலேயே வந்து, "அம்மாவின் ஞாபகமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எப்படி இறந்தார்?" என்று கேட்டார். படிவத்தில் எழுதியிருந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை குரல் உடையவில்லை.

உங்கள் முழங்கால் இப்போதாவது உங்களோடு பேசுகிறதா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் சித்தி. முடிந்தால் பதில் எழுதுங்கள்.

உங்கள் அக்கா மகள்