புல் கொல்லவில்லை, அண்ணி

என் அண்ணிக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் மாடு இல்லை, புல் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இருந்தால் இதைப் படிக்க உங்களுக்கு எங்கே நேரம்?

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன பிறகு சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள். "அந்தப் புல்லுதாங்க அவள முழுங்கிடுச்சு." அண்ணன்தான் இதை ஆரம்பித்து வைத்தான். பந்தலுக்கடியில் உட்கார்ந்து வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். அவர்களும் தலையாட்டிவிட்டு, போகிறபோது கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கொலைகாரன் அங்கே ஒளிந்திருப்பதுபோல.

அங்கே இருந்தது நீங்கள் பாதி அறுத்துவிட்டு விழுந்த பாத்தி. ஒரு பாதி தரையோடு தரையாக இருந்தது. மறு பாதி ஆள் உயரத்துக்கு நின்றது. இரண்டுக்கும் நடுவில் உங்கள் அரிவாள். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். புல் என்று அவர் சொல்லவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். தக்காளி விலை படுத்து, பறித்ததை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்த வருஷம், கிணற்றோரத்து அரை ஏக்கரில் தீவனப்புல் நட்டது நீங்கள். யாரோ கொடுத்த கரணைகள். கரும்பு மாதிரி கணுவோடு வெட்டின துண்டுகள். ஒரு தடவை நட்டால் வருஷக்கணக்கில் தழைக்கும், மாடு வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்றீர்கள். பிழைத்தோம். நான் தருமபுரியில் வேலைக்குச் சேரும்வரை என் படிப்பும் அந்தப் பாலில்தான் ஓடியது.

ஆனால் வருஷக்கணக்கில் வரும் புல்லுக்கு வருஷக்கணக்கில் ஆள் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பாத்தி என்று அறுத்துக்கொண்டே போவீர்கள். கடைசிப் பாத்தியை முடிக்கும்போது முதல் பாத்தி அறுப்புக்கு வந்திருக்கும். ஒரு நாள் விட்டால் அந்தப் பாத்தி முத்தும், அதன் பின்னால் நிற்பவையும் வரிசையாக முத்தும். என் வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி தங்கியிருக்கிறீர்களா? தீர்த்தமலைக்குப் போகலாம் என்று எத்தனை தடவை கூப்பிட்டேன்?

விழுவதற்கு முந்தின நாள் போனில் நீங்களாகத்தான் சொன்னீர்கள்.

"நெஞ்சுல எதையோ வெச்சு அழுத்துற மாதிரி இருக்குது பாப்பா."

"நாளைக்கே வாங்க அண்ணி. ஆஸ்பத்திரியில காட்டிடலாம்."

"நாளைக்கு வந்தா பாத்தி முத்திடும். இந்த மாடுங்க எலைய மட்டும் தின்னுட்டுத் தண்டத் தள்ளிடும்."

"அண்ணன அறுக்கச் சொல்லுங்க."

நீங்கள் சிரித்தீர்கள். "உங்கண்ணனா? அவரு குனிஞ்சா தூக்கிவுட ரெண்டு ஆளு வேணும்."

நானும் சிரித்தேன். ஊரில் யார் வீட்டுப் பாகப்பிரிவினை என்றாலும் பஞ்சாயத்துக்கு முதலில் போய் உட்காருகிற மனுஷன் அவன். சொந்தக் கொல்லையில் குனிய மட்டும் அவனுக்கு முதுகு இல்லை. இதை நாம் எல்லோரும் இத்தனை வருஷம் வேடிக்கையாகவே பேசிக்கொண்டிருந்தோம்.

காரியத்தன்று படையல் போட உட்கார்ந்தார்கள். "அவளுக்கு என்ன புடிக்கும்?" என்று பெரியம்மா கேட்டார். அண்ணன் விழித்தான். பெங்களூரிலிருந்து வந்திருந்த உங்கள் மகன் அப்பா முகத்தைப் பார்த்தான். அப்போது பங்காளி ஒருத்தர் சொன்னார்: "அவளுக்கு என்னத்த, புல்லுதான் உசுரு. ஒரு கட்டு அறுத்து வெச்சுடுங்க." நாலு பேர் சிரித்தார்கள்.

எனக்கு அந்த இடத்திலேயே இலையைத் தூக்கி வீசலாம் போல இருந்தது. எழுந்து கடைக்குப் போய் உப்பு பிஸ்கட்டும் டீயும் வாங்கிவந்து இலையில் வைத்தேன். காலையில் கறந்து முடித்ததும் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து நீங்கள் நனைத்துச் சாப்பிடுவது அதுதானே. பெரியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

அதுவரைக்கும் மாட்டுக்குப் புல் அறுத்தது யார் தெரியுமா? வந்தவர் போனவர் எல்லோரும். எல்லோரும் நின்றபடியே முழங்கால் உயரத்தில் அறுத்துப் போட்டார்கள். தரையோடு அறுக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. மேலே விட்ட கட்டைகள் தண்ணீர் இறங்கி அழுகத் தொடங்கின. காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் டிராக்டரைக் கூப்பிட்டு ரொட்டவேட்டர் ஓட்டி, புல்லை வேரோடு நறுக்கி மண்ணோடு புரட்டிவிட்டான். "இனிமே இந்த மண்ணுல அது நிக்கக் கூடாது. மரவள்ளி போடப்போறேன்" என்றான். அந்தப் பாதிப் பாத்தியும் அதோடு போயிற்று.

ஒரே ஒரு தடவை உங்களோடு குனிந்திருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும், அந்தப் புல்லை ரொட்டவேட்டரால் அழிக்க முடியாது என்று. அறுபட்ட ஒவ்வொரு கணுவும் ஒரு கரணை. அழிக்கிறேன் என்று கொல்லை முழுக்க அவனே நட்டுவைத்தான்.

மழை பெய்தது. கொஞ்ச நாள் கழித்து போன் வந்தது.

"பாப்பா, அது திரும்பி வருது."

"எது?"

"அதாம்மா. அது." பேரைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "புடுங்கிப் பாத்துட்டேன். வுடமாட்டேங்குது."

ஞாயிற்றுக்கிழமை பென்னாகரம் வந்து, ஏரியூர் பஸ் பிடித்துப் போனேன். வரப்பு, வாய்க்கால், பம்புசெட் ஓரம், எங்கே பார்த்தாலும் பச்சை. கிணற்றோரம் இடுப்பு உயரம் வந்துவிட்டது. அண்ணன் முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு நின்றான். காலடியில் களைக்கொல்லி டப்பா. கொட்டகையில் இரண்டு மாடுகளும் வைக்கோலை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்தின.

"இத அடிச்சா வேரோட கருகிடுமாம்" என்றான்.

"மாடு?"

"வித்துடலாம்."

"அண்ணி இருந்த அடையாளம் ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாதா உனக்கு?"

"அடையாளந்தான் பாப்பா தாங்க முடியல. பாக்கறப்பெல்லாம் அவ வுழுந்து கெடந்ததுதான் தெரியுது. இதுதான் அவளக் கொன்னுச்சு."

டப்பாவை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். "புல்லு கொல்லல. ஒரு நா நீ குனிஞ்சிருந்தா அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாங்க. ஒரே ஒரு நா."

எத்தனையோ பஞ்சாயத்தில் பேசின மனுஷன் ஸ்பிரேயரைக் கழற்றி வரப்பில் வைத்தான்.

கொட்டகை ஆணியில் உங்கள் முழுக்கைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. புல்லின் சுணை குத்தாமல் இருக்கப் புடவை மேல் போட்டுக்கொள்வீர்களே, அண்ணனின் பழைய சட்டை. கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தேன். "உன் சட்டைதான். போடு." வயிற்றில் பொத்தான் சேரவில்லை. அரிவாளைக் கொடுத்தேன். அவனும் முழங்கால் உயரத்தில்தான் வைத்தான்.

"கீழ" என்றேன்.

கொஞ்சம் இறக்கினான்.

"இன்னும் கீழ. மண்ணுக்கு ஒட்ட."

ஒரு கட்டுகூடச் சேரவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. "அரிக்குது பாப்பா. அவ ஒரு நாளும் சொன்னதில்லியே."

அண்ணி, இங்கேதான் எனக்கு உங்கள் மேலும் கோபம் வந்தது. என்னிடம் போனில் சொன்ன நெஞ்சுவலியை ஒரே கூரைக்குள் இருந்தவனிடம் ஏன் சொல்லவில்லை? இல்லை, சொல்லி அவன் காதில் வாங்கவில்லையா? அவனைக் கேட்டால் அழுகிறான். உங்களை எங்கே வந்து கேட்பேன்? அவன் கஷ்டப்படக் கூடாது என்று நீங்கள் மறைத்ததையெல்லாம் அன்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு அவனுக்கு நான் ஆறுதல் சொல்லவில்லை. பாத்தி நேராக வரக் கயிறு பிடித்துக் கொடுத்தேன். அவன் மறுபடி பாத்தி கட்டினான். இப்போது தினமும் அவன்தான் அறுக்கிறான். அறுத்த பாத்தியைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறான், ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வேன் என்று. நான் "இன்னும் கீழ" என்று மட்டும் அனுப்புகிறேன். மாடுகள் தண்டோடு தின்கின்றனவாம்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருஷத் திதிக்கு அதே ஆட்கள் வருவார்கள். புல் முழுங்கியது என்று யாராவது வாயைத் திறந்தால், இலையில் உப்பு பிஸ்கட்டை வைத்துவிட்டு, அண்ணனிடம் சொன்னதை அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன். அவர்கள் வீட்டில் யார் குனிகிறார்கள் என்றும் கேட்பேன். அதுவரை ஒரு பாத்தியும் முத்த விடமாட்டேன்.

நேற்று வந்த போட்டோவில் மண்ணோடு ஒட்ட அறுத்திருந்தான். நீங்கள் அறுத்தது போலவே இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு "நாளைக்கு அடுத்த பாத்தி" என்று அனுப்பினேன்.

கோபம் ஆறாத,
உங்கள் நாத்தனார்