என் பெயர் வைத்த வண்ணத்துப்பூச்சி

அன்புள்ள உங்களுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். அத்தைக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. என்மேல் கோபம்தான் குறையவில்லை. பழைய ஃபிரிட்ஜில் புழு வளர்க்கிறேன் அல்லவா? "பால் வைக்கிற எடத்துல புழுவா? ஒங்க ரெண்டு பேருக்கும் கிறுக்குதான் பிடிச்சிருக்கு" என்று தினமும் அர்ச்சனை.

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

சிறகில் கண்போன்ற புள்ளியுள்ள, எப்போதோ பெயர் வைக்கப்பட்ட பழைய இனத்தின் தாய்ப்பூச்சி ஒன்று கூண்டில் முட்டையிட்டது. புழுக்களில் பாதியை வெயில் படும் ஜன்னலில் வைத்தேன். மீதியை ஃபிரிட்ஜில், லேசான குளிரில். ஜன்னலில் வளர்ந்தவை அம்மாவைப் போலவே புள்ளியோடு வந்தன. ஃபிரிட்ஜில் வளர்ந்தவையோ புள்ளியே இல்லாமல், காய்ந்த இலை நிறத்தில் வந்தன. கல்யாணமான புதிதில் நீங்கள் குளிர்கால மலையில் பிடித்து, புது இனம் என்று அறிவித்து, என் பெயரை வைத்தீர்களே, அதுவேதான். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அப்படியும் மனசு கேட்கவில்லை. புள்ளியில்லாத தாயின் முட்டைகளை ஜன்னலில் வளர்த்துப் பார்த்தேன். அத்தனையும் புள்ளியோடு வந்து நின்றன. இரண்டும் ஒரே இனம்தான். குளிருக்கு ஒரு சட்டை, வெயிலுக்கு ஒரு சட்டை. ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது நம் தொழிலின் விதி. என் பெயர் போக வேண்டியதுதான்.

நான் வேலை பார்க்கும் பூச்சிக் காட்சியகத்தின் தலைவரிடம் சொன்னேன். "வீட்டுக்காரர் பேரை நீயே கெடுக்கலாமா? சும்மா விட்டுடும்மா" என்றார். வேறு யாராவது கண்டுபிடித்து ஊரே கைகொட்டிச் சிரிக்கட்டும் என்கிறீர்களா என்று கேட்டேன்.

கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். இந்த மாதம் அனுப்பியே தீருவேன். உங்கள் பெயரை முதலில் போட்டிருக்கிறேன். சம்மதமில்லை என்றால் அடித்துவிடுங்கள், சண்டை போட மாட்டேன். பொய், போடுவேன்.

அது தனி இனம்தான் என்று நிரூபிக்க இனியும் அந்த மலையில் அலையாதீர்கள். உங்களுக்குக் குளிர் ஆகாது. காட்சியக அலமாரியில் அந்தப் பூச்சிக்குக் கீழே ஒட்டிய சீட்டிலிருந்து என் பெயரை நானே எடுத்துவிடுகிறேன். அத்தைக்கு நான் 'ஏ பொண்ணு', வேலையில் 'மேடம்'. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று ஒரு தடவை கூப்பிடுங்கள். எனக்கு அது போதும்.

வழி பார்த்திருக்கும்
உங்கள் மனைவி