வார்சினி வீட்டு வாளி

யோக்யகர்த்தா,
9 ஜனவரி 2017

ரத்ரி அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். போன் செய்தால் எடுக்கமாட்டாய், அதனால்தான் கடிதம். கொண்டு வரும் நிங்சி என்னோடு வேலை செய்கிற பெண். என்மேல் உள்ள கோபத்தை அவளிடம் காட்டாதே.

சந்தில் பேச்சு அடிபட்டிருக்கும். ஆமாம், நான் இப்போது ஓர் ஆய்வுக்கூடத்தில் கொசு வளர்க்கிறேன். வலைக்கூண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் உத்தியோகம். பெண் கொசுக்கள் வயிறு முட்டக் குடித்துவிட்டு முட்டை இடப் போகும். மகளை டெங்குவுக்குப் பறிகொடுத்தவனுக்குப் புத்தி இப்படியா போகும் என்று நீ பல்லைக் கடிப்பது தெரிகிறது. முழுக்கப் படித்துவிட்டுக் கடி.

இந்தக் கொசுக்களின் உடம்புக்குள் ஒரு கிருமி குடியிருக்கிறது. வோல்பாக்கியா என்று பெயர். பழ ஈ, பட்டாம்பூச்சி என்று எத்தனையோ பூச்சிகளுக்குள் அது காலங்காலமாக இருக்கிறது. டெங்கு பரப்புகிற நம் வரிக்கொசுவுக்குள் மட்டும் இல்லை. ஆராய்ச்சிக்காரர்கள் முட்டைக்குள் ஊசியால் ஏற்றி அதைக் குடிவைத்தார்கள். அது உள்ளே இருந்தால் டெங்கு கிருமியால் அங்கே தழைக்க முடிவதில்லை.

இந்த முட்டைகள் ஒட்டிய துணித்துண்டைத் தண்ணீர் வாளியில் போட்டு, சில வீட்டுக் கொல்லைகளில் வைக்கிறோம். பொரித்து வளர்ந்ததும் வாளியில் உள்ள ஓட்டை வழியே பறந்துபோய், ஊர்க் கொசுக்களோடு கலந்துவிடும். சந்துக்காரர்கள் ஒத்துக்கொண்டால்தான் வைப்போம். வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு பார்க்கிறவள் நீ. நீ தலையாட்டாமல் அங்கே யாரும் தலையாட்டமாட்டார்கள்.

மார்ச்சில் நம் மகள் ரத்ரி போன ஆயிரமாம் நாள் படையல். நான் வரலாமா?

புறா நன்றாக இருக்கிறது.

பர்யோனோ


20 ஜனவரி

பர்யோனோ அவர்களுக்கு,

கடைசி வரியைப் படித்ததும் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். ரத்ரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நம் வீட்டு வாசலில் தொங்கிய புறாக்கூண்டின் தண்ணீர்க் கிண்ணத்தில் புழு நெளிந்ததை நான் பார்த்தேன். கிண்ணத்துத் தண்ணீரை மாற்றுவது உங்கள் வேலை. வீட்டை விட்டுப் போகும்போதும் அந்தப் புறாவைத்தான் தூக்கிக்கொண்டு போனீர்கள்.

படையலுக்கு வர வேண்டாம். அப்பம் சுடவும் ஆள் இருக்கிறது, பிரார்த்தனை சொல்லவும் ஆள் இருக்கிறது.

ஆனால் சில விஷயம் கேட்க வேண்டும். உள்ளே கிருமி இருந்தால் கொசுவுக்கு உடம்புக்கு வராதா? கடித்தால் நமக்குள் இறங்கிவிடாதா? சும்மா குடியிருக்கிறதா, இல்லை கொசுவுக்கு ஏதாவது செய்கிறதா? வாளி வைப்பதற்காகக் கேட்கவில்லை. விவரம் தெரியாமல் வேண்டாம் என்றால் பக்கத்து வீட்டுத் துகிரா அக்கா கூட்டத்தில் என்னை மடக்கிவிடுவாள்.

வார்சினி


27 ஜனவரி

ரத்ரி அம்மாவுக்கு,

நீ கேட்டதையெல்லாம் நானும் வேலைக்குச் சேர்ந்தபோது கேட்டேன்.

கொசு நன்றாகத்தான் இருக்கிறது. நமக்குள் இறங்காது, பூச்சியின் உடம்பை விட்டு வெளியே வந்தால் அந்தக் கிருமிக்கு வாழ்வில்லை. தினமும் கடி வாங்குகிற நானே சாட்சி. கொசுவுக்கு என்ன செய்கிறது என்று கேட்டாயே, அது பூச்சிக்குப் பூச்சி மாறுமாம். மூட்டைப்பூச்சிக்கு வெறும் ரத்தத்தில் கிடைக்காத சத்தை அதன் வோல்பாக்கியாவே சமைத்துப் போடுகிறது. அது இல்லையென்றால் மூட்டைப்பூச்சி சரியாக வளராது.

கொசுவிடம் அதன் தந்திரம் வேறு. தாயிடமிருந்து முட்டைக்குள் போகும், தகப்பன் வழியாகப் போகாது. கிருமி உள்ள ஆணோடு கிருமி இல்லாத பெண் சேர்ந்தால் முட்டை பொரிக்காது. பெண்ணிடம் கிருமி இருந்தால் யாரோடு சேர்ந்தாலும் பொரிக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குடும்பமே பெருகும்.

ஒருநாள் இங்கே ஆராய்ச்சி செய்கிற பெரியவரிடம், ரத்ரியைக் கடித்தது எந்தத் தண்ணீரில் பிறந்த கொசு என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். எனக்கு ஆறுதலாக இல்லை.

பர்யோனோ


13 பிப்ரவரி

பர்யோனோவுக்கு,

நேற்றுச் சந்துக் கூட்டம். நீங்கள் எழுதியதைச் சொன்னேன். தகப்பன் வழியாகப் போகாது என்றதும் துகிரா அக்கா தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப கொசு வீட்லயும் ஆம்பள சும்மா சுத்திட்டுத்தான் இருக்கானா?" என்றாள். கூட்டம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் ஒவ்வொருவராக என் முகத்தைப் பார்த்தார்கள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் போயிருந்தேன். ஆனால் மூட்டைப்பூச்சிக்குள் சமையல் நடப்பதைக் கேட்ட பிறகு, இதையும் பார்த்துவிடலாமே என்று ஓர் ஆசை வந்துவிட்டது. சரி என்று தலையாட்டிவிட்டேன். முதல் வாளி என் கொல்லையில் இருக்கிறது. இதை வைத்துப் படையலுக்குக் கிளம்பி வந்துவிடாதீர்கள்.

வார்சினி


24 பிப்ரவரி

பர்யோனோவுக்கு,

ஒரு தப்பு நடந்துவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை, சந்துத் துப்புரவு. டார்ச்சோடு கிளம்பி, தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டிக்கொண்டே என் கொல்லைக்கும் வந்தேன். மூடியைத் திறந்தேன், புழு தெரிந்தது, வாளியைக் கவிழ்த்துவிட்டேன். இத்தனை வருஷமாகச் செய்கிற கை, என்னைக் கேட்கவில்லை.

சிமெண்டுத் தரையில் அவை நெளிந்தன. பின்னால் வந்த துகிரா அக்கா சொன்னாள்: "அடிப்பாவி, உன் வீட்டுக்காரர் ரத்தம்டி அது."

உங்கள் கையில் ரத்தம் குடித்த தாய்கள் இட்ட முட்டை அல்லவா? அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, கொட்டாங்கச்சியால் வழித்து வழித்து வாளிக்குள் போட்டேன். அக்கா தண்ணீர் ஊற்றினாள். புழுவைப் பார்த்தால் கொல்லுகிறவள், ஒன்றுகூடச் சாகக் கூடாது என்று அழுதேன். பாதிக்கு மேல் பிழைக்கவில்லை.

வேறு துணித்துண்டு கிடைக்குமா? இங்கே யாரையும் திட்டச் சொல்லாதீர்கள், தப்பு என்னுடையது.

வார்சினி


27 பிப்ரவரி

ரத்ரி அம்மாவுக்கு,

நிங்சியிடம் புதுத் துண்டு கொடுத்திருக்கிறேன். யாரும் திட்டவில்லை. இப்படிப் பல சந்துகளில் நடந்திருக்கிறதாம், எல்லோரும் கொட்டிப் பழகிய கைகள்தானே.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன்.

பர்யோனோ


10 மார்ச்

ரத்ரி அப்பாவுக்கு,

வழித்து எடுத்ததில் பிழைத்தவை பறந்துவிட்டன. ஒன்று சாயங்காலம் என் முழங்கையில் உட்கார்ந்தது. அடித்துவிட்டேன். அடித்த பிறகு உங்களிடம் எப்படிச் சொல்வது என்று வெட்கமாகிவிட்டது. அடுத்த நாள் இன்னொன்று வந்தது. கை ஓங்கியது, பிடித்துக்கொண்டேன். அது குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் குடியிருப்பதைப் பார்க்க முடியாது என்று தெரியும், இருந்தாலும் உற்று உற்றுப் பார்த்தேன். அரித்தது, சொல்லிவிடுகிறேன்.

படையல் வருகிற வியாழன் இரவு. அப்பத்துக்கு மாவு கலக்க மத்தியானமே வந்துவிடுங்கள். வாசலில் கூண்டு மாட்டுகிற கொக்கியை நான் பிடுங்கவே இல்லை. புறாவையும் கொண்டு வாருங்கள். கிண்ணத்துக்கு நான் தண்ணீர் மாற்றுகிறேன்.

ரத்ரி அம்மா