பிள்ளையாருக்குக் கீழே இருந்த ஏர்பேக்

7 ஜூலை 2025, திங்கள்

கார் கம்பெனியிலிருந்து மூன்றாவது கடிதம். எங்கள் மாடலில் முன்சீட்டுப் பயணிக்கான ஏர்பேக்கில் கோளாறாம். வண்டி மோதினால் பை ஒழுங்காக விரியாமல் வெடித்து, உலோகத் துண்டுகள் முகத்தில் தெறிக்கலாமாம். இலவசமாக மாற்றித் தருகிறார்கள். முதல் இரண்டு கடிதங்களையும் சர்வீஸுக்கு ஆள் பிடிக்கும் வேலை என்று கிழித்துப் போட்டிருந்தேன். இதை என் மனைவி விஜயராணி படித்துவிட்டாள்.

அந்தச் சீட்டில் தினமும் உட்காருபவள் அவள்தான். எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஸ்ரீரங்கம் வரை. அவள் வங்கிக்கு, நான் பள்ளிக்கூடத்துக்கு.

"சனிக்கிழமையே போய் மாத்திட்டு வந்துடுங்க" என்றாள்.

12 ஜூலை, சனி

போனேன். மாற்றாமல் வந்தேன்.

டேஷ்போர்டில், ஏர்பேக் மூடியின் மேலேயே பித்தளைப் பிள்ளையார் இருக்கிறார். இரண்டு வருடம் முன்பு தொட்டியம் சாலையில் ஒரு லாரியிடம் மயிரிழையில் தப்பினோமே, அதற்கு மறுநாள் நானே பசை போட்டு ஒட்டியது. சர்வீஸ் சென்டரில் இருந்த தைரியராஜ் தலையைச் சொறிந்தார். "சாமி மேல நாங்க கை வைக்க மாட்டோம் சார். நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க, ஒரு மணி நேர வேலைதான். அந்த எடத்துல எதையுமே ஒட்டக் கூடாது சார், பை விரிஞ்சா மொதல்ல பறக்கறது இதுதான்."

கை வைத்தேன். எடுக்க முடியவில்லை. பசை காரணமில்லை, பயம்தான். எடுத்த மறுநாளே ஏதாவது ஆகிவிட்டால்?

பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிற வாத்தியார் நான். பூனை குறுக்கே போனதால் வர லேட் என்ற பையனைப் போன மாதம்தான் வகுப்பே சிரிக்கும்படி கேலி செய்தேன்.

"அடுத்த வாரம் வரேங்க" என்று வண்டியை மட்டும் கழுவி வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் கேட்டாள். "மாத்தியாச்சு" என்றேன். "பிள்ளையார எடுக்காமயா?" என்றாள். "எடுத்துட்டுத் திரும்ப ஒட்டிட்டாங்க." ஒரு பொய்க்கு இன்னொன்று. எத்தனை சுலபமாக வருகிறது!

17 ஜூலை, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. சாமியை இடம் மாற்றுவதென்றால் இனி ஆவணியில்தான். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

24 ஜூலை, வியாழன்

அவள் சீட் பெல்ட் மாட்டும் சத்தம் கேட்ட பிறகு நாற்பதைத் தாண்டி ஓட்டுவதில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் படித்துறைக்குக் கிளம்பினோம். காவிரிப் பாலத்தில் முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. பிரேக்கை ஏறி மிதித்தேன். ஒரு சாண் இடைவெளியில் நின்றது வண்டி. என் இடது கை தானாகப் போய் அவள் முகத்தை மறைத்தது.

"என்னங்க, மூஞ்சிய ஏன் பொத்துறீங்க?" என்று சிரித்தாள்.

அப்பவாவது சொல்லியிருக்கலாம். சொல்லித் தொலைச்சிருக்கலாமே! அவ பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டிருந்தா — நான் கியரப் போட்டு வண்டிய எடுத்துட்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா?

5 ஆகஸ்ட், செவ்வாய்

சர்வீஸ் சென்டரிலிருந்து அவள் நம்பருக்குப் பேசிவிட்டார்கள். இன்னும் பார்ட் மாற்றவில்லையே மேடம், எப்போது வருகிறீர்கள் என்று.

சாயங்காலம் வங்கி வாசலில் காத்திருந்தேன். அவள் பஸ்ஸில் போய்விட்டிருந்தாள். வீட்டில் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். சாப்பாடு போட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேனே. அதுக்கு நேரா தினம் என்னை உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனீங்களே, எப்படிங்க மனசு வந்துது?"

பயந்தாங்கொள்ளி என்று அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் இத்தனையும் செய்தேன். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

6 ஆகஸ்ட், புதன்

லீவு போட்டேன். ஸ்குரூ டிரைவர் முனையால் நெம்பினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, பிள்ளையார் கையோடு வந்துவிட்டார். வீட்டுச் சாமி அலமாரியில் வைத்தேன். ஏர்பேக்கை மாற்றிவிட்டார்கள். "இனிமே மேடம் நிம்மதியா உக்காரலாம் சார்" என்றார் தைரியராஜ்.

7 ஆகஸ்ட், வியாழன்

காலையில் வேலை முடிந்ததற்கான தாளை அவளிடம் கொடுத்தேன். ஒரு வரி விடாமல் படித்தாள். அதிலிருந்த வண்டி நம்பரை நம்பர் பிளேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

"போலாங்க, நேரமாச்சு" என்றாள்.