என் பேரில் இன்னொருத்தி

ஸ்ரீரங்கம்
20-8-2024

அன்பு மகள் தேவதர்ஷினிக்கு அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், அந்தக் குவைத் வெயில்ல நீயும் அப்படியே இருக்கணும்னு ரெங்கநாதர வேண்டிக்கிறேன். போன்ல பேசினா உங்கப்பா பக்கத்துலயே உக்காந்திருக்காரு, அதான் கடிதம்.

அப்பாவோட டிவி தொடரை நிறுத்திட்டாங்கன்னு உனக்குத் தெரியும். ராஜகோபுரம் ஸ்டாண்டுல ஆட்டோ ஓட்டிக்கிட்டே மேடையில சிரிக்கவைக்கிற மனுஷன், அவர் கதையையே அவரை வச்சு எடுத்தாங்க, பதினோரு வாரம்தான் ஓடிச்சு. உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. அது நின்ன அன்னைக்கு நான் பாயசம் வச்சேன். பையோட சென்னையிலேருந்து வந்த மனுஷன் குடிச்சிட்டு என்ன விசேஷம்னு கேட்டாரு, ஆடி வெள்ளின்னு சொல்லிட்டேன். பாவந்தான், ஆனா என்னால முடியல தர்ஷினி. அதுல அவர் பெண்டாட்டியா நடிச்ச அந்த ஆஷ்லிக்கு என் பேரையே வச்சாங்க, அமிர்தம்னு. போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தப்ப, ஊர்ல இருக்கிற சந்து பொந்தெல்லாம் தெரிஞ்ச மனுஷனுக்கு வீட்டுல உப்பு டப்பா இருக்கிற இடம் தெரியலன்னு நான் சொன்னேன், தட்டைத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சுப் போனாரு. அதையே அவ டிவில சொன்னா தலையைப் பின்னால சாய்ச்சுச் சிரிக்கிறாரு, அவ கன்னத்தைத் தட்டுறாரு. எதிர்வீட்டு மயிலம்மாள் வேற, உன்னைவிட அந்தப் பொண்ணு அழகா கோவப்படுதுன்னு வாசல்ல வந்து சொல்லிட்டுப் போறா.

தொடர் நின்னதும் மறுபடி காக்கிச் சட்டையைப் போட்டுக்கிட்டு ஸ்டாண்டுக்குப் போயிட்டாரு. போன ஞாயித்துக்கிழமை திருச்சி கே.கே. நகர்ல ஒரு ஹால்ல பேசக் கூப்பிட்டாங்க, மொத தடவையா நானும் போனேன், கடைசி வரிசையில உக்காந்தேன். என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு ஆரம்பிச்சாரு, சனம் சிரிச்சுது. அந்த டப்பா கதைக்கு வந்தப்ப மிளகா டப்பான்னு சொல்லிட்டாரு. எனக்குப் பொறுக்கல. எந்திரிச்சு நின்னு, அது உப்பு டப்பாங்க, இன்னும் உங்களுக்குத் தெரியலயான்னு கேட்டுட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவரு மேடையிலேருந்து, இதாங்க அசல் அமிர்தம்னாரு. அப்ப எழுந்த கைதட்டல் அடங்கவே கொஞ்ச நேரமாச்சு. ஹால்காரங்க அடுத்த மாசம் ரெண்டு பேரும் சேர்ந்து மேடை ஏறுங்கன்னு கேட்டாங்க, நான் சரின்னுட்டேன்.

திரும்பி வரப்ப அவர் ஆட்டோ ஓட்டினாரு, நான் பின்னால உக்காந்திருந்தேன். காவேரிப் பாலம் ஏறினப்புறம், உனக்குத்தான் கைதட்டு ஜாஸ்தின்னாரு. கண்ணாடியில அவர் முகத்தைப் பாத்தேன், சுருங்கிக் கெடந்துச்சு. அது எனக்குப் பழக்கமான முகம் தர்ஷினி, தொடர் ஓடின பதினோரு வாரமும் எங்கிட்ட இருந்தது.

டியூட்டி முடிஞ்சு சாப்பிடாமப் படுக்காத. கொரியர்ல பருப்புப் பொடி வருது, ஈரக் கரண்டி போடாத. நீ எல்லா நலமும் பெற்று நல்லா இருக்கணும் கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. அமிர்தம்