சாந்துச் சிறகு

சிகாகோ, மார்ச் 1893

அன்புள்ள அப்பாவுக்கு,

குட்ரூன் எழுதுகிறேன். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மா முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாளா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

உலகக் கண்காட்சிக்காக ஏரிக்கரையில் மாளிகைகள் எழும்பிவிட்டன. தூரத்திலிருந்து பார்த்தால் பளிங்கு. தட்டினால் வெறும் சாந்தும் சணல் நாரும். போன வாரம் அடித்த காற்றில், கூரை விளிம்பில் நான் செய்து வைத்த தேவதையின் சிறகு பிய்ந்து விழுந்தது. நான் நேர் கீழேதான் நின்றேன். தோளில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

மேஸ்திரி ப்ரோகாப் ஓடி வந்தார். "உசுரோடதான இருக்க? அத விட்டுத் தள்ளும்மா. அக்டோபர்ல கண்காட்சி முடிஞ்சா எல்லாத்தையும் இடிக்கத்தான் போறாங்க. அவ்ளோ உசரத்துல ஒரு சிறகு இல்லேன்னு எவன் பாக்கப் போறான்?"

"நான் பாப்பேன்ல," என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினேன். புதுச் சிறகு வைத்த பிறகுதான் இறங்கினேன்.

அன்றிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட ஏரியோரம் நடந்துகொண்டே இருக்கிறேன். இந்த மாளிகைகளை இடித்த பிறகு எங்கே போவேன்? பண்ணைக்குத் திரும்பி வா என்று எழுதுகிறீர்கள். இங்கே என்ன செய்கிறாய் என்று மட்டும் கேட்பதில்லை.

கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். அம்மா சுட்ட ரொட்டியும் கொஞ்சம். காய்ந்து போனாலும் பரவாயில்லை.

வேலைச் சங்கு ஊதிவிட்டது. அப்பா, அறுவடையைக் காரணம் சொல்லாமல் ஒருமுறை ரயிலேறி வாருங்கள். அண்ணாந்து பார்த்து, "இத நீயா செஞ்ச?" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

உங்கள் மகள்,
குட்ரூன்